இயங்குதளம் மாறும்போது எழுத்து என்னாகும்?

பழுதடைந்த பொருளைச் செப்பனிடுவது உலக இயல்பு. பழுதின்றி இயங்கிவரும் பொருளைப் புதுப்பிக்க முற்பட்டு, அது முன்னர்ச் செய்துவந்த வேலையையும் செய்யவொட்டாமல் ஆக்கிக்கொள்வது கணிப்பொறியுலகில் அன்றாட நிகழ்ச்சியாக உள்ளது. காலையில் கடிதம் அச்சிட்டுக் கொடுத்த கணிப்பொறி, மாலையில் இயங்குதளம் மாற்றப்பட்டபின், அச்சுப்பொறியையே அறியேன் என்கிறது. நேற்றுவரை திறந்த கோப்பை இன்று படிக்கத் தெரியாமல் விழிக்கிறது. பணத்தையும் நேரத்தையும் செலவிட்டு நாமே இத்துன்பத்தை வரவழைத்துக்கொள்கிறோம்.

பொறியியல் அறிந்தோர்க்கு இது தொழில்நுட்பச் சிக்கல்களுள் ஒன்று. தமிழ் பயில்வோர்க்கோ இது எழுத்தின் வாழ்வு பற்றிய சிக்கலாகும். கடந்த முப்பது ஆண்டுகளில் தமிழ்த்துறைகளில் உருவான ஆய்வேடுகள், சொல்லடைவுகள், களஆய்வுக் குறிப்புகள் முதலியன பெரும்பாலும் கணிப்பொறியில்தான் உள்ளன. அவற்றை நாளை ஒருவர் படிக்க முடியுமா என்பது, நாம் இயங்குதளத்தை மாற்றும்போது மேற்கொள்ளும் விழிப்பைப் பொறுத்திருக்கிறது. இயங்குதளம் என்பது யாது, அதனை ஏன் மாற்ற நேர்கிறது, மாற்றும்போது எவை இடறுகின்றன, இடறாமல் காப்பது எங்ஙனம் என்பவற்றை நம் துறையின் பட்டறிவோடு சேர்த்து இக்கட்டுரையில் காண்போம்.

இயங்குதளம் என்பது யாது?

கணிப்பொறியில் நம் கண்ணுக்குப் புலப்படுவன திரையும் விசைப்பலகையும் பெட்டியும் ஆகிய வன்பொருள்கள். நாம் நாள்தோறும் பயன்படுத்துவன கடிதம் எழுதவும் கணக்கிடவும் படம் வரையவும் உதவும் மென்பொருள்கள். இவ்விரண்டுக்கும் இடையே நின்று இரண்டையும் ஆள்வதே இயங்குதளம்.

இதனை ஒரு கல்லூரியின் அலுவலகத்துக்கு ஒப்பிடலாம். மாணவர் ஒருவர் சான்றிதழ் வேண்டுமென்றால் தாமே பேழையைத் திறந்து எடுத்துக்கொள்வதில்லை. அலுவலகத்தில் விண்ணப்பிக்கிறார். எந்தப் பதிவேடு எந்த அறையில் உள்ளது, யாரிடம் முத்திரை உள்ளது என்பதை அலுவலகமே அறியும். அவ்வாறே எழுதுமென்பொருள் ஒன்று இப்பக்கத்தை அச்சிட வேண்டுமென்று கேட்டால், இயங்குதளம் அவ்வேண்டுகோளை ஏற்று, டிரைவர் எனப்படும் இயக்கி நிரலிடம் ஒப்படைக்கிறது. அச்சுப்பொறியின் மொழி அந்நிரலுக்கே தெரியும். எந்தக் கோப்பு வட்டில் எவ்விடத்தில் உள்ளது, எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம், திரையில் எந்த எழுத்துருவைக் காட்டுவது என்பன யாவும் இயங்குதளத்தின் பொறுப்பே.

இப்பொழுது அந்த அலுவலகத்திலுள்ள அனைவரையும் ஒரே இரவில் மாற்றிவிட்டதாக எண்ணிப் பார்ப்போம். கட்டடமும் அதே; மாணவரும் அவரே. ஆயினும் பழைய எழுத்தர் பழக்கத்தால் அறிந்திருந்தவை எல்லாம் அவரோடு போய்விடுகின்றன. இயங்குதளத்தை மாற்றுவது என்பது இதுவே.

ஏன் மாற்ற நேர்கிறது?

இருப்பதை வைத்துக்கொண்டே காலம் தள்ளினால் என்ன என்று பலரும் கேட்பர். நியாயமான வினாதான். புதியது வந்துவிட்டது என்பது மட்டும் மாற்றுவதற்குப் போதிய காரணம் ஆகாது. ஆயினும் மூன்று காரணங்கள் நம்மை நெருக்குகின்றன.

முதலாவது பாதுகாப்பு. இயங்குதளத்தில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றின் வழியே தீய நிரல்கள் நுழையாதவாறு நிறுவனம் திருத்தங்களை அனுப்புகிறது. இத்திருத்தங்களுக்கு ஒரு கால எல்லை உண்டு. 2001ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடும், 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7க்கு 2020 சனவரி 14ஆம் நாளோடும், 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும் பொதுவான ஆதரவு முடிவுற்றது. எல்லை கடந்த இயங்குதளத்தோடு இணையத்தில் உலவுவது தாழ்ப்பாள் இல்லாத கதவோடு உறங்குவதை ஒக்கும்.

இரண்டாவது, புதிய மென்பொருள்கள் பழைய இயங்குதளத்தில் இயங்க மறுப்பது. மூன்றாவது, பழைய பொறி பழுதாகிப் புதியது வாங்கும்போது அதனோடு புதிய இயங்குதளமே வருவது. முதலிரண்டையும் சிறிது காலம் தள்ளிப்போடலாம். மூன்றாவதைத் தள்ளிப்போட இயலாது.

இவற்றோடு வன்பொருளின் தேவையும் வளர்ந்துகொண்டே செல்கிறது. 1995 ஆகஸ்டு 24ஆம் நாள் வெளியான விண்டோஸ் 95க்குக் குறைந்த அளவு 4 மெகாபைட் நினைவகம் போதுமெனக் கூறப்பட்டது. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 கிகாபைட் வேண்டும். அஃதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல். அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் இருத்தல் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல பொறிகள் இவ்வுறுப்பு இல்லாமையாலோ, செயலி பட்டியலில் இடம்பெறாமையாலோ தகுதியற்றவையாயின. முதுமை எய்தாமலே ஓய்வு பெற்ற ஊழியர்போல் அவை நிற்கின்றன.

நம் துறையில் நிகழ்ந்தது

நம் துறை மாணவர் ஐந்தாண்டுக் காலம் விடுமுறைதோறும் கடலோர ஊர்களுக்கும் உள்நாட்டுச் சிற்றூர்களுக்கும் சென்று வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்தனர். மீனவர், நெசவாளர், உழவர், கொத்தனார், வீட்டிலிருக்கும் முதிய பெண்டிர் ஆகியோர் வாய்மொழியாகச் சொன்னவை அட்டைகளில் எழுதப்பட்டன. ஓய்வு பெறும் நிலையிலிருந்த பேராசிரியர் ஒருவர் மாலைதோறும் துறையில் அமர்ந்து அவற்றை அகர வரிசையில் கணிப்பொறியில் ஏற்றினார். எழுத்துக்கு ஒரு கோப்பு. தட்டச்சு முடிந்த அட்டைகளை, இடநெருக்கடி காரணமாக, நாம் களைந்துவிட்டோம். அதுவே நாம் செய்த முதற்பிழை.

2004ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அக்கணிப்பொறி மிகவும் மெதுவாக இயங்கிற்று. இயங்குதளத்தைப் புதிதாக மாற்றினால் விரைவுபெறும் என்றனர். நகரிலிருந்து வந்த பழுதுநீக்குநர், "சி டிரைவை ஃபார்மட் செய்துவிடுவேன்; டி டிரைவில் உள்ளவை அப்படியே இருக்கும். வேறு ஏதாவது எடுத்துவைக்க வேண்டுமா, ஐயா?" என்று முறையாகவே கேட்டார். சொற்றொகை முழுவதும் டி பகுதியில்தான் உள்ளது என்று நாம் உறுதியோடு விடையிறுத்தோம். பேராசிரியர் ஓய்வு பெற்றுச் சென்றிருந்தார். அவரை ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று மாலை கணிப்பொறி விரைவாகவே இயங்கிற்று. மறுநாள் சொற்றொகைக் கோப்பைத் திறந்தபோது, தமிழுக்கு மாறாக ரோமன் எழுத்துகளும், தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும், பவுன் நாணயக் குறியும் பிறவும் வரிவரியாக நிறைந்திருந்தன. அதுவரை அதனைத் தமிழாகக் காட்டிவந்த எழுத்துரு, சி பகுதியில் இயங்குதளத்தின் கோப்புறைக்குள் இருந்தது. அது வடிக்கப்பட்டதோடு எழுத்துருவும் போயிற்று. அது வந்த நெகிழ்வட்டைத் தேடினோம், கிடைத்தது. ஆனால் படிக்க இயலாதவாறு பூசணம் பிடித்திருந்தது.

அதனினும் பெரிய இழப்பைச் சில நாள் கழித்தே உணர்ந்தோம். ககரக் கோப்பு இருந்தது. சகரக் கோப்பு இருந்தது. மகரம்வரை யாவும் இருந்தன. வகரக் கோப்பைக் காணவில்லை. பேராசிரியர் இறுதியாகச் செய்துகொண்டிருந்த வேலை அது. அன்றாடம் எடுக்க எளிதாக இருக்கட்டுமென்று திரையின் முகப்பிலேயே வைத்திருந்தார். டெஸ்க்டாப் எனப்படும் அம்முகப்பு, கண்ணுக்குத் தனியிடம்போல் தோன்றினாலும், உண்மையில் சி பகுதிக்குள் இருக்கும் ஒரு கோப்புறையே. வள்ளம், வத்தை, வங்கடை, வாடை என்று கடலோரத்தார் சொன்ன சொற்களும் அவற்றுக்கு அவர்கள் தந்த விளக்கங்களும் அப்பொழுதே அழிந்தன.

எழுத்து சிதைந்தது ஏன்?

கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று வகுத்துக்கொள்வதே குறியீட்டு முறை. பழைய முறையில் 256 எண்களே இருந்தன. அவற்றுள் முதற்பாதி ஆங்கில எழுத்துகளுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் உரியது. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளை அடக்க இயலாது. ஆகவே எழுத்துரு செய்தோர் கொம்பு, கால், கொக்கி எனத் தமிழெழுத்தைத் துண்டுகளாக்கி அவ்விடங்களில் அமர்த்தினர். வேறு சிலர் ஆங்கில எழுத்துகளின் இடங்களையே தமிழுக்கு எடுத்துக்கொண்டனர். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமர்த்தியமையால், ஒரே எண் ஓர் எழுத்துருவில் ககரமாகவும் மற்றொன்றில் ணகரமாகவும் தோன்றிற்று. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. ஆயினும் அதற்கு முன்னரே எழுதிக் குவிந்தவை அவ்வவற்றின் எழுத்துருவையே நம்பி நின்றன.

சுருங்கக் கூறின், அக்கோப்புகளில் இருந்தது தமிழன்று, எண்களே. அவற்றைத் தமிழாக்கிக் காட்டியது எழுத்துரு. எழுத்துரு போனதும் கணிப்பொறி அவ்வெண்களுக்குத் தனக்குத் தெரிந்த ஐரோப்பிய எழுத்துகளைக் காட்டிற்று. அது பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லிற்று.

இதற்குத் தீர்வாக வந்ததே ஒருங்குறி எனப்படும் யூனிகோடு. 1991ஆம் ஆண்டு வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டது. இம்முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும், உலகின் வேறெந்த மொழியெழுத்துக்கும் இல்லாத தனி எண் உண்டு. அகரத்துக்கு 2949, ககரத்துக்கு 2965. எந்த நாட்டில், எந்தப் பொறியில் திறந்தாலும் 2965 என்பது ககரமே. விண்டோஸ் 2000 முதல் இயங்குதளத்திலேயே ஒருங்குறித் தமிழுக்கு வழி பிறந்தது. எக்ஸ்பியில்கூட மொழியமைப்பில் ஒரு கட்டத்தைக் குறியிட்டு, நிறுவல் குறுந்தகட்டையும் இட்டாலன்றித் தமிழ் சீராகத் தோன்றாத நிலை இருந்தது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியவர் இதனை அறியாவிடில், கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும் தமிழையே கண்டார். 2010ஆம் ஆண்டு தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

மாற்றித் தரும் நிரலும் மயங்கும்

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் நிரல்கள் பல உள்ளன. நம் முன்னாள் மாணவர் ஒருவர் நடத்திய அச்சகத்தில் பழைய பொறியொன்று மூலையில் கிடந்தது. நாம் இழந்த எழுத்துரு அதில் இருந்தது. அதனைக்கொண்டு எஞ்சிய கோப்புகளைப் படித்து, பின்னர் மாற்றுநிரலின் துணையால் ஒருங்குறிக்குக் கொணர்ந்தோம். ஆனால் மாறிவந்ததை அப்படியே நம்பலாகாது என்பதை விரைவில் கற்றோம்.

பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே எண்தான். எனவே கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்று எண்கள் தொடர்ந்து வந்தால் அது 'கௌ' என்னும் ஓரெழுத்தா, 'கெள' என்னும் ஈரெழுத்தா என்று நிரலால் அறிய இயலாது. ஈரெழுத்தென்று கொண்டால் கௌரவம் 'கெளரவம்' ஆகிறது. மௌனம் 'மெளனம்' ஆகிறது. ஓரெழுத்தென்று கொண்டால் கெளிறு என்னும் மீனின் பெயரில் இகரக் கொக்கி பற்றுக்கோடின்றித் தனித்து நிற்கிறது. தெளிவு என்னும் சொல்லே தெளிவிழந்து விடுகிறது.

ஓலைச்சுவடி பயின்றோர்க்கு இம்மயக்கம் புதிதன்று. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். சுவடியிலிருந்து அச்சுக்கு மாறியதும் ஒருவகையில் இயங்குதள மாற்றமே. 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றோர் ஒரே சுவடியை நம்பாமல் பல சுவடிகளை ஒப்புநோக்கியமையாலேயே பாடம் தெளிந்தது. கணிப்பொறிக்கும் அதே நெறிதான்: மாற்றியபின் பழைய அச்சுப்படியோடு ஒப்புநோக்காமல் மூலத்தை அழிக்கலாகாது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. 1978ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபின் பள்ளியில் பயின்ற மாணவரும், அதற்கு முன்னர் அச்சான நூலில் துதிக்கையுடன் நிற்கும் 'லை'யையும் 'ணை'யையும் சிறிது பழகினால் படித்துவிடுகிறார். மனிதக் கண் ஊகித்துணரும், சூழலை நோக்கும். பொறிக்கு அவ்வாற்றல் இயல்பாக இல்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்தோர் மறைந்துவிட்டால், எழுத்து கண்முன் இருந்தும் இல்லாததாகிவிடும்.

பிற படுகுழிகள்

எழுத்துச் சிதைவு ஒருபுறமிருக்க, இயங்குதள மாற்றத்தில் நேரும் இடர்கள் வேறு பலவும் உள்ளன.

இயக்கி நிரல் இல்லாமை அவற்றுள் முதன்மையானது. 2007ஆம் ஆண்டு விண்டோஸ் விஸ்டா வெளிவந்தபோது இயக்கி நிரல்களின் அமைப்பே மாறியது. அச்சுப்பொறி, ஒளிவருடி முதலியவை பல, புதிய நிரல் கிடைக்காமல் முடங்கின. கருவி பழுதில்லை, அதன் மொழியறிந்தவர் இல்லை.

பழைய மென்பொருள் இயங்காமை அடுத்தது. 16 பிட் முறையில் எழுதப்பட்ட நிரல்கள் 64 பிட் விண்டோஸில் இயங்குவதில்லை. டாஸ் காலத்துத் தமிழ் எழுதுமென்பொருள்கள் பல இவ்வாறு வாயடைத்தன. சில மென்பொருள்களுக்குப் பொறியின் பின்புறம் ஒரு பூட்டுக் கருவியைச் செருக வேண்டும். அது செருகும் துளையே இன்றைய பொறிகளில் இல்லை.

எழுத்துரு மாற்றம் மற்றொன்று. நெடுங்காலம் விண்டோஸில் தமிழுக்கு உரியதாக இருந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10இல் வேண்டுவோர் தனியே சேர்த்துக்கொள்ளும் துணை எழுத்துருவாயிற்று. அது இல்லாத பொறியில் லதாவில் எழுதிய ஆய்வேட்டைத் திறந்தால் வேறு எழுத்துரு வந்து அமர்கிறது. எழுத்தின் அகலம் மாறுவதால் வரி மாறுகிறது; வரி மாறுவதால் பக்கம் மாறுகிறது. கையால் பக்க எண் இட்டுச் செய்த சொல்லடைவு முழுவதும் பிழையாகிவிடுகிறது.

அகர வரிசையும் தப்புவதில்லை. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் எண் பெற்றுள்ளன. தமிழ் மரபு அறியாத மென்பொருள் எண் வரிசைப்படியே அடுக்குவதால், அகராதி தொகுப்போர் வரிசையை மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

மின்தடை நம் நாட்டில் கருதத்தக்க இடர். இயங்குதளக் கோப்புகள் பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் நின்றால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலையில் பொறி தொடங்கவே மறுக்கலாம். விண்டோஸ் 95ஐ 13 நெகிழ்வட்டுகளில் வாங்கி நிறுவியோர்க்கு, பத்தாவது வட்டு படிக்கப்படாமல் நின்ற நேரத்தின் தவிப்பு நினைவிருக்கும்.

இறுதியாக, எச்சரிக்கையோடு இருப்போரையும் இடறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2018 அக்டோபரில் வெளியிடப்பட்ட விண்டோஸ் 10இன் புதுப்பிப்பு, சிலருடைய ஆவணக் கோப்புறையிலிருந்த கோப்புகளை அழித்துவிட்டது. ஆவணங்களை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்கள் அவர்களுள் அடங்குவர். பழைய கோப்புறையைத் தேவையற்ற இரட்டையென்று கருதி நிரல் நீக்கிற்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அப்புதுப்பிப்பை நிறுத்தி, பிழை நீக்கி, நவம்பரில் மீண்டும் வெளியிட்டது. பெருநிறுவனத்தின் சோதனைகளையும் கடந்து பிழை வரக்கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் கண்டு அஞ்சிப் பழையதையே பற்றிக்கொண்டிருத்தல் தீர்வாகாது. முறையாகச் செய்யின் இடர் குறையும். நம் துறை இன்று மேற்கொள்ளும் நெறிகள் இவை:

1. மாற்ற வேண்டியது கட்டாயமா என்று முதலில் ஆராய்தல். ஆதரவு முடியும் நாளை அறிந்து, அதற்குச் சில திங்கள் முன்னரே, தேர்வும் விழாவும் இல்லாத காலத்தைத் தேர்ந்தெடுத்தல்.

2. அச்சுப்பொறி, ஒளிவருடி, எழுதுமென்பொருள் ஆகிய ஒவ்வொன்றும் புதிய இயங்குதளத்தில் இயங்குமா என்று பட்டியலிட்டுச் சரிபார்த்தல். பல பொறிகள் இருப்பின் ஒன்றில் மட்டும் மாற்றிச் சில வாரம் பழகிப் பார்த்தல்.

3. கோப்புகளுக்கு மூன்று படிகள் எடுத்தல். அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். எடுத்த படியை வேறொரு பொறியில் திறந்து பார்த்தல் இன்றியமையாதது. திறந்து பாராத படி, படியே அன்று.

4. முகப்புத் திரை, பதிவிறக்கக் கோப்புறை, எழுத்துருக் கோப்புறை, மின்னஞ்சல் ஆகியவற்றையும் மறவாமல் படியெடுத்தல். அப்பொறியைப் பயன்படுத்திய ஒவ்வொருவரையும், ஓய்வு பெற்றோர் உட்பட, கேட்டறிதல்.

5. பழைய குறியீட்டில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றி மெய்ப்புப் பார்த்தல். மாற்றிய பின்னும் மூலக் கோப்பையும் அதன் எழுத்துருவையும் ஒருங்கே வைத்திருத்தல். எழுத்துருவைத் தன்னுள் அடக்கிய பி.டி.எஃப். வடிவிலும், தாளிலும் ஒரு படி வைத்தல்.

6. இயலுமாயின் பழைய வட்டைக் கழற்றிப் பெயரும் நாளும் எழுதி ஒட்டிப் பேழையில் வைத்துவிட்டு, புதிய வட்டில் புதிய இயங்குதளத்தை நிறுவுதல். இன்று வட்டின் விலை, ஐந்தாண்டு உழைப்பின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

7. யு.பி.எஸ். இன்றி இப்பணியைத் தொடங்காமை. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின், விண்டோஸ் கேட்கும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்தல். அவ்வெண்ணை அதே கணிப்பொறிக்குள் சேமித்து வைப்பது, சாவியைப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவதாகும்.

வகர வரிசை

2025ஆம் ஆண்டு துறையின் கணிப்பொறிகளை மாற்ற நேர்ந்தபோது மேற்கூறியவாறே செய்தோம். படியெடுக்கவும் திறந்து பார்க்கவும் நான்கு வாரமாயிற்று. இயங்குதளத்தை நிறுவ ஒரு பிற்பகல் போதுமாயிற்று. இவ்விரண்டு காலஅளவுகளின் வேறுபாடே இக்கட்டுரையின் சாரம் எனலாம். எந்தக் கோப்பும் தொலையவில்லை. அச்சுப்பொறி ஒன்று மட்டும் புதிய தளத்தோடு உடன்படவில்லை. அச்சுப்பொறியை வாங்கிக்கொள்ளலாம், சொல்லை வாங்க இயலாது.

2004இல் இழந்த வகரக் கோப்புக்காக மாணவர் மீண்டும் அக்கடலோர ஊர்களுக்குச் சென்று வருகின்றனர். அன்று சொன்ன முதியோருட் பலர் இன்றில்லை. அவர்தம் மக்களும் பேரரும் நினைவுகூர்ந்து சொல்வனவற்றை எழுதுகின்றனர். சில சொற்கள் கிடைத்தன. சில சொற்கள் கிடைத்தும் பொருள் கிடைக்கவில்லை. தொகை முன்போல் நிரம்பாமலும் போகலாம். இம்முறை அட்டைகளைக் களையவில்லை. அவை துறைப் பேழையில், கோப்பின் அச்சுப்படியோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளன.

இயங்குதளம் இன்னும் பலமுறை மாறும். மாறுவது அதன் இயல்பு. மாறும் ஒன்றின்மேல் மாறாத ஒன்றை ஏற்றிவைக்கும் நாம், ஏற்றும்போதே இறக்கும் வழியையும் எண்ணிவைத்தல் வேண்டும். இம்மலரைப் படிக்கும் மாணவர், தம் ஆய்வேடு இப்பொழுது எந்தக் கோப்புறையில், எந்த எழுத்துருவில், எத்தனை படிகளாக உள்ளது என்பதை இன்றே ஒருமுறை பார்ப்பாராயின், நாம் இதனை எழுதியதன் பயன் முழுமையாகக் கிட்டியதாகும்.